தாராவி ஆஸ்பத்திரிக்கு எழுதிய டிரைவர்

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் என்னைக் கார் ஓட்டுகிறவள் என்றே நினைக்கிறார்கள். குடிவந்த புதிதில் எதிர்வீட்டு மராத்திய அம்மா என்ன வேலை என்று கேட்டார். "மை டிரைவர் லிக்தி ஹூம்," என்றேன். டிரைவர் எழுதுகிறேன். அவர் 'எழுதுகிறேன்' என்பதை என் ஓட்டை இந்தியின் பிழையாக எடுத்துக்கொண்டு, "கொணாச்சி காடி?" என்று விசாரித்தார். யாருடைய வண்டி? கணினிக்கும் அதிலுள்ள நெட்வொர்க் கார்டுக்கும் நடுவே நின்று, ஒன்று சொல்வதை மற்றதற்குப் புரியவைக்கும் நிரல் அது என்று விளக்க எனக்கு இந்தி போதவில்லை. "கம்பெனி காடி," என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு இரண்டு முறை, தாணே வரை கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டுவிட்டார். எனக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது.

திருநெல்வேலிக் கடலோரம், என் சொந்த ஊர் திசையன்விளையில் என் வேலையை யாரும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. யாரும் கேட்டதே இல்லை. "மக கம்ப்யூட்டர்ல இருக்கா," என்று அப்பா சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கல்யாணமாகி வந்த முதல் வருஷம் தாராவியில் இருந்தோம். அங்கே ஒரு சின்னத் தர்ம ஆஸ்பத்திரியில் ரஹ்மத் அக்கா நர்ஸ். எங்கள் திருநெல்வேலிப் பக்கம், மேலப்பாளையத்துக்காரர். மூன்றாம் மாதத்தில் கரு கலைந்து நான் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது, ஊர்ப்பேச்சில் திட்டித் திட்டியே கஞ்சி குடிக்கவைத்தவர். அதனால் போன மழைக்காலம் முடிந்ததும் அவர் போன் செய்து, "ஜெசி, நெட்டு பெட்டி மண்டையப் போட்டுட்டு. தானமா வந்த புதுப்பெட்டி ஒண்ணு இருக்கு, அது பேசவே மாட்டேங்கு," என்றபோது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அங்கே எடுக்கும் எக்ஸ்ரேயைப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு நெட்டில்தான் அனுப்புவார்கள். இப்போது நோயாளிகள் இருமிக்கொண்டே, படத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

பெட்டி என்றால் ஆஸ்பத்திரியை நெட்டோடு சேர்க்கும் சின்னக் கணினி. பழைய பெட்டியில் ஓடியது பி.எஸ்.டி. என்ற வகை இயங்குதளம். புதுப்பெட்டியின் கார்டு பலகையோடு பற்றவைத்தது, கழற்றி மாற்ற முடியாது. அதற்கு டிரைவர் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தில் மட்டுமே இருந்தது. லினக்ஸையே போட்டிருக்கலாம். ஆனால் அங்குள்ள ஏற்பாடு முழுவதையும் பிரித்துச் செய்ய வேண்டும். உண்மையைச் சொன்னால், எழுதிப் பார்க்க எனக்கும் ஆசை.

இரண்டுமே யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய திறந்த மூலம்தான் என்றாலும் உரிமங்கள் வேறு; அப்படியே எடுத்துப் போட முடியாது. லினக்ஸ் டிரைவரை எழுதிய நார்வேக்காரருக்கு அனுமதி கேட்டு எழுதினேன். "தாராளமாக எடுத்துக்கொள். அங்கே ரொம்பச் சூடாகிறதா?" என்று பதில் வந்தது. மும்பையின் அக்டோபர் வெயிலைப் பற்றி ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். "நான் கார்டைக் கேட்டேன். இருந்தாலும் உனக்காக வருந்துகிறேன்," என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதியதில் டிரைவர் ஓடியது; ஆஸ்பத்திரிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாளே அக்கா அழைத்தார். "காலையில நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் ஆனா நெட்டு செத்துப் போவுது."

லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். கோளாறு எங்கே என்று பிடிபடவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் காத்திருந்த, மாஸ்க் போட்ட ஒரு பெண் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்ஸ்ரே அனுப்புற நேரத்துலல்லா சாவுது," என்றார் அக்கா, ஊசியைப் பிரித்துக்கொண்டே. "சின்னச் சீட்டெல்லாம் ஒழுங்கா போவுது."

அதுதான் விஷயம். அனுப்பவேண்டியதை வைக்க நினைவகத்தில் வரிசையாகச் சில இடங்கள் உண்டு. கார்டு எடுத்துக்கொண்டபின் அந்த இடம் காலி என்று குறிக்க வேண்டும். பெரிய படம் வந்து வரிசை மொத்தமும் நிரம்பும்போது மட்டும், அப்படிக் குறிக்க நான் மறந்திருந்தேன். இரண்டே வரி. சேர்த்து, மறுபடி ஓடவிட்டு, அந்தப் பெண்ணின் படத்தை அனுப்பினோம்.

"ஏட்டி, போயிட்டு!" என்று அக்கா என் முதுகில் ஒன்று போட்டார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் டாக்டரின் பதில் வந்துவிட்டது. காசநோய் இல்லை. அவள் மாஸ்க்கைக் கழற்றி எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். பல வருஷ உத்தியோகத்தில் என் நிரல் ஒன்றுக்கு அப்படி யாரும் சிரித்ததில்லை.

பிறகு அந்த இயங்குதளத்துக்காரர்கள் டிரைவரைச் சேர்த்துக்கொண்டு, பங்களித்தவர்களின் உலக வரைபடத்தில் என் புள்ளியை வைக்கச் சொன்னார்கள். ஓர் ஆளுக்கு ஒரு புள்ளிதான். வரைபடத்தில் தெற்கே, எங்கள் ஊர்க் கடலோரம் வரை போனேன். திரும்பி வந்து செம்பூரைப் பார்த்தேன். கடைசியில் தாராவியில், அந்த ஆஸ்பத்திரிச் சந்தின் மேல் வைத்தேன். பெயர்க் கட்டத்தில் 'தி. ஜெசி' என்று போட்டேன். என் அப்பா பெயர் செல்வராஜ். தி, திசையன்விளைக்கு.