சுறாப்புட்டும் நாற்றங்காலும்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. அந்த ஆறாவது, என் கடைசி மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள். மருமகளை எல்லாம் வளர்த்த கணக்கில் சேர்ப்பார்களா என்று கேட்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிட்டுப் பேசட்டும்.

நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மீன் விற்றுவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, மதியத்தில் நாலு வரி. அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் கோட்டுச்சேரிமேடு. வாசலில் நின்றால் கடல். அவள் ஊர் மேற்கே, வயற்காட்டுக்குள். காரைக்காலில் கல்லூரி படிக்கும்போது என் மகனோடு பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு கல்யாணம் நடந்தது. அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தாய் தவறிவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்கவேண்டும். பார்க்க ஆள் வேண்டுமே. "எல்லாம் என் வீட்டில்தான்" என்று சம்பந்தியிடம் நானே போய்ச் சொன்னேன்.

பெண் குழந்தை பிறந்தது. எங்கள் கரையில் பிள்ளை பெற்றவளுக்கு முதல் மருந்து பால்சுறா. வேகவைத்துத் தோலை உரித்து, உதிர்த்து, மஞ்சளும் பூண்டும் வெங்காயமும் அள்ளிப் போட்டு நல்லெண்ணெயில் புட்டாகக் கிளறுவோம். பால் நன்றாக ஊறும் என்பது எங்கள் நம்பிக்கை. ஐந்து பிரசவத்துக்கும் நான் அதைத்தான் தின்றேன். வலையில் நல்ல சுறா விழுந்தால், "அக்கா, ஒம் மருமவளுக்கு" என்று ஏலத்துக்கு முன்பே எடுத்துவைத்துக் கொடுப்பார்கள்.

தட்டு காலியாகத்தான் வரும். ஆனால் ஆள் தேறவில்லை. தூக்கம் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். குழந்தை அழுதால் கை நீளாது. ஒருநாள் என்னிடம், "அத்தை, இத நீங்களே வளத்துடுங்க. எனக்கு வராது" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடையில் கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னாள். தாய் இல்லாமல் வளர்ந்தவள், தன் பிள்ளையையும் அப்படி ஆக்கிவிடுவாளோ என்று பயந்தேன்.

தெரு சும்மா இருக்குமா?

"காத்து கருப்பு பட்டிருக்கும்க்கா. மந்திரிச்சுக் கயிறு கட்டு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பாலு பத்தல. வெக்கப்பட்டுக்கிட்டுப் பேசமாட்டேங்குது. இன்னும் ரெண்டு சுறா போடு," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

கயிறும் கட்டினோம். சுறாவும் போட்டோம்.

அவள் அறைக்கு ஒரே ஜன்னல், கொல்லைப் பக்கம். ஒரு மதியம் மீன் சீக்கிரம் விற்றுப்போய்க் கொல்லை வழியாக வந்தேன். ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை நீண்டது. புட்டு விழுந்தது. கீழே ஒரு பெட்டைப் பூனை, பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எத்தன நாளா தாயி இது?"

"வாடை கொமட்டுது அத்தை. எங்க ஊர்ல கொளத்து மீன்தான். நீங்க அவ்வளவு ஆசையா செஞ்சு தர்றீங்க, எப்புடிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதான் அந்தப் பூனை தெருவுக்கே பால் ஊத்துற மாதிரி பெருத்துக் கெடக்குதா!" என்றேன். அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டுமே வரும் தப்பு இது. மீன் வாடை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அன்றோடு சுறாவை நிறுத்தினேன். ஆனாலும் புட்டு பிடிக்காததற்காக ஒருத்தி பிள்ளையைத் தொடாமல் இருப்பாளா? நோவு மனசில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மறுநாளே காரைக்கால் ஆஸ்பத்திரியில் மனசு பார்க்கும் டாக்டரிடம் போக ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

எதிர்வீட்டுக்காரி வாசலை மறித்தாள். "தீட்டுகூடக் கழியல. அதுவும் அந்த டாக்டர்கிட்டயா? பைத்தியம்னு பேராயிடும்க்கா."

"ஒம் புருஷனுக்குக் காலு ஒடஞ்சப்ப கட்டுப் போட்டுக்கிட்டு வந்தீல்ல? அதுக்காக நொண்டின்னு பேரு வச்சமா? தள்ளுடி."

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "பிள்ளை பெத்த நெறைய பேருக்கு இது வருதும்மா. இவங்க தப்பு ஒண்ணும் இல்ல. மாத்திரை தர்றேன், பாலும் குடுக்கலாம். நல்லா தூங்க விடுங்க. தனியா விடாதீங்க," என்றார்.

திரும்பி வரும்போது, எங்கள் ஊருக்குப் பிரியும் சாலையோரம் ஒரு நாற்றங்கால். அவள் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து, "நாத்து முத்திப்போச்சு, இன்னும் பறிக்காம வச்சிருக்காங்க," என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளாகப் பேசிய பேச்சு. "நிறுத்துப்பா," என்றேன் ஆட்டோக்காரரிடம்.

வரப்பில் உட்கார்ந்தோம். அவள் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டாள். பச்சை உடம்புக்காரி குளிர்ந்த தண்ணீரில் காலை வைக்கக்கூடாது என்போம். நான் தடுக்கவில்லை. தன் அம்மா நாற்று முடிச்சுக் கட்டும் வேகத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழட்டும் என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

அதிலிருந்து மாத்திரையை ஒருவேளைகூடத் தப்பவிடவில்லை. முருங்கைக்கீரை, பூண்டுக் குழம்பு, தேடிப் பிடித்து வாங்கிய விரால் மீன், எல்லாம் அவள் ஊர்ச் சாப்பாடு. வெந்நீர் ஊற்றுமுன் நல்லெண்ணெய் தேய்த்து முதுகை நானே பிடித்துவிட்டேன். கூடை தூக்கிய கை, அழுத்தம் இருக்கும். தேய்க்கத் தேய்க்கப் பேசுவாள். சாயங்காலம் அந்த வரப்பு வரைக்கும் நடை. இதில் எது அவளைத் தேற்றியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. குழம்பில் எந்தச் சாமான் ருசி கொடுத்தது என்று யார் சொல்லமுடியும்?

ஒருநாள் மீன் விற்று வந்து வாசலில் கூடையை இறக்கினேன். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. ஓடப் போனவள் நின்றுவிட்டேன். கொஞ்சம் பொறுப்போம் என்று.

"ஏண்டி இந்தக் கத்து கத்துற? ஒங்க அப்பாயி வந்து தூக்குனாத்தான் வாய மூடுவியா? நான் ஒனக்கு ஆளாத் தெரியலயா? வா, வந்து தொல!"

அழுகை நின்றது. மார்போடு அணைத்திருந்தாள். என் காலத்தில் எத்தனையோ வாழ்த்துக் கேட்டிருக்கிறேன். அந்தத் திட்டுக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

இப்போது தெருவில் யார் பிள்ளை பெற்றாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். எதிர்வீட்டுக்காரி தன் மகளுக்கே கூப்பிட்டாள். போனதும் நான் முதலில் கேட்பது, "ஒனக்கு என்ன திங்கப் புடிக்கும்?" முகம் வாடியிருந்தால் ஆஸ்பத்திரிக்கும் நானே கூட்டிக்கொண்டு போவேன்.

இதை எழுதலாமா என்று மருமகளிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க அத்தை. அந்தப் பூனைய மட்டும் விட்டுடாதீங்க," என்றாள். அவள் இன்றைக்கும் சுறா தின்னமாட்டாள். எங்களுக்காகக் கிளறும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வாள்.

அந்தக் குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பு. இங்கே வா கண்ணு. அப்பாயி எழுதுனது சரியா இருக்கான்னு மொதல்லேருந்து வாசி. சத்தமா வாசி, அடுப்படியில ஒங்கம்மாவுக்கும் கேக்கட்டும்.