நிந்தவூருக்கும் கல்முனைக்கும் ஆறாவது நாக்-அவுட்

இந்தப் பயணத்துக்குக் காரணம் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி. தை மாதம் வந்தால் அவனுக்கு அந்த நாட்டுக் கால்பந்தின் பிளே-ஓஃப் பைத்தியம் பிடித்துவிடும். மோதப்போகிற இரண்டு அணிகளும் இதற்கு முன் எத்தனை தடவை மோதின, யார் யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று போனில் அரை மணிநேரம் சொல்லுவான். "நம்மட பக்கத்தில இப்படி ஆரும் கணக்கு வச்சிருக்காங்களா?" என்று இம்முறை கேட்டான். எனக்கு சாஹிர் ஞாபகம் வந்தான்.

சாஹிர் திருகோணமலையில் என்னோடு ஒரே ஹாட்வெயார் கடையில் வேலை செய்தவன். ஊர் நிந்தவூர், அந்த ஊர் அணியின் முன்கள வீரன். கல்யாணம் முடிந்து இப்போது கல்முனையில் மனைவி வீட்டில் இருக்கிறான். அந்தப் பக்கத்து வழக்கம் அது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். போன் எடுத்தேன். "சனிக்கிழமை செமி பைனல் அண்ணன். எங்கட ஊரும் கல்முனையும்தான். வாங்க," என்றான். (கழகங்களின் பெயரை எழுதவில்லை. கொமெண்டில் சண்டைக்கு வருவீர்கள்.)

விடியற்காலை பஸ். திருகோணமலையிலிருந்து கல்முனைக்கு ஐந்து மணிநேரம் என்றார்கள், ஆறரை ஆனது. வாகரைக்கு அப்பால் டயர் போய், மழைக்குள் எல்லோரும் இறங்கி நின்றோம். டிக்கெட்டுக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாய்த் தாளில் மிச்சம் வந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். கல்முனையில் இறங்கும்போது முதுகு என்னுடையதாக இல்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பழைய கணக்கைக் கேட்டேன். இதுவரை ஐந்து நாக்-அவுட், அதாவது தோற்றவன் வெளியே போகிற ஆட்டம். நிந்தவூர் வென்றது மூன்று, கல்முனை இரண்டு. "மூண்டில்ல, ரெண்டு," என்றார் கடைக்காரர். "ஒண்டு மழையில நிண்டு, காசு சுண்டிப் பாத்துக் குடுத்த. அத நாங்க எண்ணிறல்ல." மேசைக்கு மேசை இதே வழக்கு. எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கவும் தெம்பு இல்லை.

சாஹிரின் வீட்டு முற்றத்தில் இரண்டு ஜேர்சிகள் ஒரே கொடியில் தொங்கின. ஒன்று பச்சை, மற்றது சிவப்பு. சிவப்பு, அவன் மனைவி சிபானாவின் தம்பி இர்பானுடையது. கல்முனை அணியின் கோல் காப்பாளர் அவன்தான். "ரெண்டையும் நான்தான் கழுவின. இந்த மழைக்கு ஒண்டும் காயல்ல," என்றாள் சிபானா. யார் பக்கம் என்று கேட்டேன். "கேக்காதீங்க அண்ணன். முதல்ல ரெண்டும் காயட்டும்."

மைதானத்துக்கு நடக்கும்போது சாஹிர் சொன்னான். "கோல் அடிச்சா இந்த ஊருக்குள்ள நடக்கேலா. அடிக்காட்டி எங்கட ஊரான் நான் வித்துட்டன் எண்டுவான். வீட்ட பெய்த்து படுத்துக்கலாம் போல இரிக்கி அண்ணன்."

மைதானம் கடலுக்குப் பக்கத்தில். நாலு மணி ஆட்டம் நாலே முக்காலுக்குத் தொடங்கியது. பாதி மைதானம் சேறு, பந்து உருளவே இல்லை. சாஹிருக்குப் பந்து போகும்போதெல்லாம் இரண்டு பக்கத்திலிருந்தும் "கல்முனை மாப்புள!" என்று கத்தினார்கள். ஒரு பக்கம் கேலி, மறுபக்கம் எச்சரிக்கை. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. நிந்தவூருக்குக் கடைசி அடி சாஹிருடையது. அவன் அடித்தால் சமன், விட்டால் வெளியே.

மச்சான்மார் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சாஹிர் ஓடிவந்து வலது பக்கம், முழுப் பலத்தோடு அடித்தான். இர்பான் பாய்ந்தான். பந்து கையில் பட்ட சத்தம் நான் நின்ற இடத்துக்கே கேட்டது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

கல்முனைக்காரர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், "மாப்புள வித்துட்டான்!" என்று கத்தினார். பத்துப் பதினைந்து பேர் சாஹிரைச் சுற்றிக்கொண்டார்கள். அவன் இடுப்பில் கை வைத்தபடி தலை குனிந்து நின்றான்.

தன் ஆட்கள் தோளில் தூக்க வந்ததை உதறிவிட்டு இர்பான் அந்தக் கூட்டத்துக்குள் போனான். கையுறையைப் பல்லால் கழற்றினான். வலது மணிக்கட்டு வீங்கி, கை ஒரு பக்கம் சரிந்திருந்தது. "இஞ்ச பாருங்க காக்கா," என்று கத்தினவரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டான். "இது விட்டுக்குடுத்த அடியா?"

கத்தினவர்தான் முதலில் ஓட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு வெடிப்பு என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள். பைனல் இரண்டு வாரத்தில். கல்முனை தன் காப்பாளர் இல்லாமல்தான் ஆட வேண்டும். சாஹிர் வாங்கில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். மாரியில் போனால் மாற்றுச் செருப்பு கொண்டுபோங்கள், மைதானத்தில் என்னுடையது ஒன்று சேற்றோடு போனது. நிந்தவூர் கல்முனைக்குத் தெற்கே பத்து கிலோமீட்டருக்குள்தான், கரையோர பஸ் அடிக்கடி உண்டு. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கடைகள் பூட்டு. பழைய கணக்கைக் கேட்கப் போனால் நேரம் வைத்துக்கொண்டு போங்கள். இப்போது மூன்றுக்கு மூன்று. கல்முனையில் கேட்டால் கல்முனைக்கு மூன்று, நிந்தவூருக்கு இரண்டு.

தம்பிக்கு இதைப் போனில் சொன்னேன். அமெரிக்காவில் இப்படி ஒரு ஆட்டம் இருந்ததா என்று யோசித்துவிட்டு, "வீட்டில என்ன நடந்தது?" என்று கேட்டான். இதுதான் நடந்தது.

இரவு இஷா தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். இர்பானின் சாப்பாட்டுக் கை மாவுக்கட்டுக்குள். சிபானா சோற்றை மீனோடு பிசைந்து தம்பிக்கு ஊட்டத் தொடங்கினாள். சாஹிர் தன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "இஞ்ச கொண்டா," என்று அவள் கையிலிருந்ததை வாங்கி, மச்சானுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

இர்பான் முதல் பிடியை வாங்கி மென்றான்.

"முள்ளப் பாத்து எடுங்க மச்சான்," என்றான். "கையோட போகட்டும், தொண்டையும் வேணாம்."