மேலே கிடக்கும் ஓஸ்

போடிமெட்டுக்குக் கீழே எங்கள் ஏலக்காட்டை ஒட்டி ஓர் ஓடை இறங்குகிறது. கோடையில் அதில் ஓஸ் குழாயைப் போட்டுத்தான் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். யாருடைய ஓஸ் மேலே கிடக்கிறதோ அவருக்குத்தான் முதல் தண்ணீர்.

பக்கத்துக் காட்டுக்காரன் ராசிங்காபுரத்தான். போன பங்குனியில் தன் ஓஸை என்னுடையதைத் தாண்டி மேலே போட்டான். எனக்கு வயிறு எரிந்தது. மறுநாளே அவனைத் தாண்டி என்னுடையதைப் போட்டேன். அவன் மறுபடியும் ஏறினான். நானும் விடவில்லை. கடைசியில் சோலைக்குள் ஊற்று கசியும் இடத்துக்கே போய், கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து என் ஓஸைச் செருகிவிட்டு வந்தேன்.

பத்தே நாளில் கீழே ஓடை காய்ந்துபோனது. கல்லைப் புரட்டினால் நண்டுகள் செத்துக் கிடந்தன. நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு போய் அவன் ஷெட்டு வாசலில் கொட்டினேன்.

"பாரு, நீ பாத்த சோலிய."

அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கிளாஸைக் கீழேகூட வைக்கவில்லை.

"ஏண்ணே, எல்லாத்துக்கும் மேல கெடக்குறது ஒங்க ஓஸுதான?"

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே அடித்திருப்பேன். திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம் என் ஓஸிலும் தண்ணீர் நின்றது. எனக்கும் மேலே போட்டுவிட்டான் என்று, அவன் ஓஸை வெட்ட அரிவாளோடு ஏறினேன். ஊற்றுக்கு மேலே யாருடைய ஓஸும் இல்லை. நான் ஓஸைச் செருகிய இடத்திலும் ஈரமில்லாத வெறும் பாறைதான் இருந்தது.