எதிர் வீட்டு மைலில் மஸ்கட்

எனக்கு இப்போதும் கோபம்தான். மஸ்கட் போய், பேரனைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியச் சோறு பொங்கிப் போட்டு, இரண்டு மாதம் இருந்துவிட்டு ராயபுரம் திரும்பியாகிவிட்டது. சந்தோஷத்துக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனாலும் அந்த விமானக் கம்பெனியை நினைத்தால், கொடுவா மீனுக்குச் செதில் தேய்ப்பது போல யாரையாவது பிடித்துத் தேய்க்கவேண்டும் போலிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "அத்தே, திட்டுனதெல்லாமா எய்தணும்?" என்று கேட்கிறாள். எழுது. அதற்குத்தானே உன்னை உட்காரவைத்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். காசிமேட்டு ஏலத்தில் முப்பது வருஷமாக நின்று மீன் எடுக்கிறவளுக்கு எண் தெரியாமல் போகுமா? பஸ் நம்பர், தராசு முள், ரூபாய் நோட்டு, போனில் வருகிற ஆறு இலக்கம், எல்லாம் படிப்பேன். கார்டு வைத்துக்கொள்ள அது போதும் என்று பேங்க்காரனே சொன்னான்.

அவன்தான் ஆரம்பித்துவைத்தவன். என் வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அந்தப் பணத்தை என் பெயரில் டெபாசிட் போட்டிருந்தார். அதைப் புதுப்பிக்கப் போன அன்று, கழுத்துப்பட்டை கட்டிய பிள்ளை ஒருவன் நாற்காலியை இழுத்துப்போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். டெபாசிட் இருப்பதால் கார்டு தருவார்களாம். அந்தக் கார்டில் என்ன வாங்கினாலும் மைல் சேருமாம். சேர்ந்த மைலுக்கு விமானத்தில் சும்மாவே போகலாமாம்.

"மஸ்கட்டுக்குப் போவுமா, கண்ணு?" என்று கேட்டேன். என் மகள் அங்கேதான் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை.

"தாராளமா போலாம்மா."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஊரு ஒலகத்துக் கப்பலையெல்லாம் ஏத்தி எறக்குன என்னையே ஒருத்தனும் சும்மா கூட்டிக்கினு போல. மீன் விக்கிறவள ஏரோப்ளேன்ல கூட்டிக்கினு போறானாம்."

அந்த ஒரு பேச்சுக்காகவே கார்டை வாங்கினேன்.

மைல் எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுச் செலவுக்கு மட்டும் தேய்த்தால் இந்த ஜன்மத்தில் சேராது. அதனால் தெருவில் யார் பெரிய சாமான் வாங்கப் போனாலும் கூடவே நானும் கிளம்பினேன். படகுக்கு இன்ஜின், கல்யாணத்துக்கு பீரோ, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ், எதிர் வீட்டுக்காரியின் ஃப்ரிட்ஜ். அவர்கள் காசை என் கையில் தருவார்கள், நான் கார்டைத் தேய்ப்பேன், காசை அன்றைக்கே மகன் பேங்கில் கட்டிவிடுவான். என் மகனுக்கு திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. கணக்கில் கெட்டி. சுருக்குப் பையில் கார்டுக்கு மீன் வாடை ஏறக்கூடாது என்று அதை ஊதுபத்தி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். கடைக்காரர்கள் கார்டை வாங்கி ஒருமுறை முகர்ந்துபார்த்துவிட்டுத்தான் தேய்ப்பார்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் மகன் சொன்னான். "எம்மா, ஒரு டிக்கெட்டுக்கு மைலு சேந்துட்ச்சு. போட்றவா? தங்கச்சியப் போய்ப் பாத்துட்டு வா."

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றால், வருஷக்கணக்காகத் தெருவில் ஏலச்சீட்டு பிடிக்கிறவள் நான். அவசரக்காரர்கள் தொகையில் கொஞ்சம் தள்ளிவிட்டு முதலில் எடுப்பார்கள், அவர்களுக்குக் குறைச்சலாக வரும். கடைசிவரை பொறுத்து உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முழுசாக வரும். நான் எந்தச் சீட்டிலும் முதலில் எடுத்ததில்லை. "ரெண்டு டிக்கெட்டா சேரட்டும். உங்கப்பாவையும் கூட்டிக்கினு போறேன். அவருக்கு ஏரோப்ளேன்ல டீ வாங்கிக் குடுத்து, இன்னாய்யா சொன்ன அன்னிக்கு, அப்டின்னு கேக்கணும்" என்றேன். இரண்டாகவும் சேர்ந்தது. மகளுக்கு ஏதாவது விசேஷம் வரட்டும், இரண்டு பேருமாகப் போகலாம் என்று அப்போதும் பொறுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எதிர் வீட்டுக்காரிக்கு அது நடந்தது. அவளிடமும் ஒரு கார்டு உண்டு, வேறு பேங்க். ஒருநாள் அவள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் பாயின்ட் எல்லாம் இன்றோடு காலாவதி, உடனே இந்த நீல எழுத்தைத் தொடுங்கள் என்று. தொட்டாள். அவள் கணக்கைத் துடைத்துவைத்துவிட்டான் எவனோ ஒரு திருடன். தெருவே அவள் வாசலில் கூடி நின்றது. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நான் மட்டும் என்ன செய்தேன்? சொல்ல இப்போது வாய் கூசுகிறது. "எட்டாங்கிளாஸு படிச்சவ நீயி, தொட்டுக்கினு குந்திகீற. கைநாட்டு நானு, எப்பிடி வச்சிக்கினு கீறேன் பாத்தியா?" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்போம், ஒரே பூசைக்குப் போவோம், அவள் மாதா கோயிலின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

மகனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் போனை வாங்கி வைத்துக்கொண்டு பாடம் நடத்தினான். "ஆறு நம்பரு மட்டும் வந்தா, நீ எதுனா வாங்கிகினு கீறன்னு அர்த்தம். நீலமா எய்த்து வந்தா திருடன். என்னாண்ட கூட காட்டாத. அப்பிடியே அயிச்சிடு." நான் அழித்தேன். நீலம் கண்டால் அழித்தேன். காலையில் மீனை எடுத்துவைத்துவிட்டு முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். அதோடு விடவில்லை. இனிமேல் எதற்கு வம்பு, இரண்டு டிக்கெட்டுக்குச் சேர்ந்ததைப் பத்திரமாகக் காப்பாற்றுவோம் என்று, கார்டை ஊதுபத்தி டப்பாவோடு பீரோவில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். ஒன்றரை வருஷம் தொடவே இல்லை.

போன கோடையில் மகள் போன் செய்தாள். இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை இங்கே என் கையில்தான் பிறந்தது. இந்த முறை ரத்தக் கொதிப்பு இருப்பதால் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவ நாளையும் முன்னால் இழுத்திருந்தார். "யம்மா, பத்து நாளு கூட இல்லமா. இவருக்கு லீவு தரமாட்டேன்றாங்க. பெரியவள யாராண்ட வுடறது? எனக்கு பயமா கீதுமா" என்றாள். என் மகள் பயம் என்று சொல்கிறவள் அல்ல. மஸ்கட் போகும் முன் எண்ணூரில் குடியிருந்தபோது வெள்ளம் வந்து, மார்பளவுத் தண்ணீரில் பிள்ளையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவள்.

"நீ படுத்துக்கினு இரு. நாளைக்கே மைல எட்த்து வந்துட்றேன்" என்றேன். விசா மருமகன் எடுத்துவிட்டான். பாஸ்போர்ட் தயாராக இருந்தது.

மகன் போனைத் திறந்தான். அமுக்கினான். திரும்ப அமுக்கினான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "இன்னாடா?" என்றேன். போனை என் பக்கம் திருப்பினான். எண் படிக்கத் தெரிந்தவளுக்கு அதைப் படிக்கவா தெரியாது? ஒரே ஒரு முட்டை.

கம்பெனிக்கு போன் போட்டோம். ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு என்று இந்தியில் சொன்னான், இங்கிலீஷில் சொன்னான், பாட்டுப் போட்டான். மகன் போனை ஸ்பீக்கரில் வைத்தான். நான் ஒரு கூடை நெத்திலியைச் சுத்தம் செய்து முடித்தபிறகு தமிழ் பேசுகிற ஒரு பெண் வந்தாள்.

"பதினெட்டு மாசமா உங்க கணக்குல எந்த ஆக்டிவிட்டியும் இல்லம்மா. அதனால மைல்ஸ் எக்ஸ்பயர் ஆயிடுச்சு."

"சும்மா வச்சிக்கினு இருந்ததுக்காம்மா தூக்கிட்டீங்க? வட்டி கேட்டேனா நானு?"

"நாலு தடவ மெசேஜ் அனுப்பியிருக்கோம்மா. ஈமெயிலும் அனுப்பியிருக்கோம்."

நான் மகனைப் பார்த்தேன். மகன் சுவரைப் பார்த்தான்.

"நீலமா எய்தி அனுப்புனியா?"

"ஆமாம்மா, லிங்க் இருக்கும்."

"திருடனும் நீலமாதாம்மா அனுப்பறான்! நீயும் நீலமா அனுப்புனா, கைநாட்டுக்கு எப்டிம்மா தெரியும்? வேற கலரு கெடைக்கலியா உங்க கம்பெனிக்கு?"

அவள் பொறுமையான பெண்தான், பாவம். "ஒரே ஒரு தடவ கார்டு யூஸ் பண்ணியிருந்தா போதும்மா. ஒரு மாத்திர வாங்கியிருந்தாகூட அத்தனையும் உயிரோட இருந்திருக்கும்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளாம்! எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. காலையில் எடுத்த மீனைச் சாயங்காலம் வரை வைத்துக்கொண்டிருக்காதவள் நான். கெட்டுப்போகும் முன்னே பாதி விலைக்காவது தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அந்த நான், இதைப் போய் பீரோவில் பூட்டிவைத்திருக்கிறேன். அவள்மேல் கோபம், அந்தக் கழுத்துப்பட்டைப் பிள்ளைமேல் கோபம், மகன்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல் கோபம். (இப்போது மாதம் தவறாமல் மருந்துக் கடையில் கார்டைத் தேய்த்து ஒரு தைலம் வாங்குகிறேன். பீரோவில் துணி வைக்க இடமில்லை.)

கைக்காசு போட்டு டிக்கெட் எடுக்கவும் வழியில்லை. அந்த மாதம்தான் என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. டெபாசிட்டோ கார்டுக்குப் பிணையாகக் கிடந்தது. லீவு நாள் என்று டிக்கெட் விலையையும் ஏற்றிவைத்திருந்தார்கள்.

போனை வைக்கும் முன்னே அந்தப் பெண் ஒன்று சொன்னாள். "வேற யாராவது தெரிஞ்சவங்களுக்கு மைல்ஸ் இருந்தா, அவங்க கணக்குலேருந்து உங்க பேருக்கு டிக்கெட் எடுக்கலாம்மா."

மகன் மெதுவாக இழுத்தான். "எதுத்த வூட்டு அண்ணனாண்ட கீதுமா."

எதிர் வீட்டுக்காரியின் மகன் கப்பலில் இன்ஜின் ரூம் வேலைக்காரன். கப்பல் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்குக் கம்பெனி அவனை விமானத்தில் அனுப்பும். டிக்கெட் காசு கம்பெனியுடையது, மைல் அவனுடையது. லீவில் வீட்டில்தான் இருந்தான். நடுவில் பத்தடித் தெரு. அதைத் தாண்ட எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

அவள் வாசலில் உட்கார்ந்து எறாவுக்கு ஓடு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"இன்னாக்கா, வூடு மாறி வந்துட்டியா?"

"இல்லடி. உன்னாண்டதான் வந்தேன்."

"ஒன்றர வருசமா மூஞ்சத் திருப்பிக்கினு போனியே, இன்னிக்கு இன்னா நேரா வச்சிக்கினு வந்துகீற?"

எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் ரத்தக் கொதிப்பு, முட்டை, நீல எழுத்து, எதையும் மறைக்கவில்லை. அவள் எறாவைக் கீழே வைத்தாள்.

"தொட்டவ நானு, எனக்குப் பூட்ச்சு. தொடாதவ நீயி. உனக்கும் பூட்ச்சா?"

"பூட்ச்சுடி. மொத்தமா பூட்ச்சு."

"அன்னிக்கி தெருவே கேக்க சிரிச்சியே. எங்க, இப்ப சிரி பாப்போம்."

"வெளயாடாதடி. புள்ள அங்க தனியா கீது."

"சிரிக்கா. அப்பாலதான் மத்ததெல்லாம்."

அவளை அந்த எறாத் தட்டோடு தூக்கி எறியலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஹா, ஹா, ஹா என்று மூன்று முறை. இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள்கூட எட்டிப்பார்த்தார்கள். மூன்றாவது ஹாவில் அவளுக்கு அடக்க முடியவில்லை. முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்துவிட்டது.

"டேய் நைனா, எய்ந்துருடா" என்று உள்ளே கத்தினாள். "உன் மைலு எவ்ளோ கீதோ எடு. நம்ம வூட்டுப் பொண்ணு பயந்துக்கினு கீதாம், அக்கா போய்ப் பாக்கணுமாம்."

அவன் எழுந்துவந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே பத்து நிமிஷத்தில் டிக்கெட் போட்டான். சும்மா கிடைக்கிற டிக்கெட்டுக்கும் வரி என்று தனியாக வாங்கினார்கள். அதற்கும் திட்டினேன். வியாழக்கிழமை விமானம்.

ஏர்போர்ட்டில் பெட்டி போடுகிற இடத்தில் என் கார்டை நீட்டினேன். இந்தப் பயணத்தின் மைலை என் கணக்கில் ஏற்றச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். "மைல்ஸ்ல எடுத்த டிக்கெட்டுக்கு மைல்ஸ் வராதும்மா."

"நானு பறக்கறேனா, இல்லியா?"

"பறக்கறீங்கம்மா."

"கடல் தாண்டுறேனா, இல்லியா?"

"தாண்டுறீங்க."

"பாதில எறங்கிக்கப் போறேனா?"

"இல்லம்மா."

"அப்ப எய்தும்மா!"

எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் எழுதவும் இல்லை. விமானத்தில் ஏறி உட்கார்ந்தும் அந்தக் கோபம் இறங்கவில்லை. கீழே கடல் தெரிந்தபோதுதான் கொஞ்சம் மறந்தேன். என் வீட்டுக்காரர் ஏற்றி இறக்கின கப்பலெல்லாம் இத்தனூண்டா தெரியும் என்று இருந்தது. டீ கொடுத்தார்கள். அவர் பக்கத்தில் இல்லாமல் அது இறங்கவில்லை.

மஸ்கட்டில் வெளியே வந்தால், வீட்டிலேயே படுத்திரு என்று நூறு தடவை சொல்லியிருந்தும், பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு வயிற்றோடு வந்து நிற்கிறாள் என் மகள். தூரத்திலேயே என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டாள்.

"யம்மா, வந்ததும் வராததுமா யாரத் திட்டிக்கினு வர?"

"அந்த ஏரோப்ளேன்காரனத்தாண்டி. ராயபுரத்துலேர்ந்து இம்மாந்தூரம் பறந்து வந்துகீறேன், ஒரு மைலு எய்தல அவன்."

அவள் சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். "சிரிக்க வைக்காதமா. வலி எட்த்துடும்போல கீது."

"எடுத்தா எடுக்கட்டும்" என்றேன். "அதான் நான் வந்துட்டேன்ல."