தீர்த்தம் குடித்த லேப்டாப்பும் செபஸ்தியான் அண்ணன் குரலும்

புத்தம்புது லேப்டாப்பின் மேல் தீர்த்தம் தெளிக்கச் சொல்லி, தெளித்தது போதாது என்று இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிய முட்டாள் நான்தான். நம் கோயில் பங்கில் இந்தக் கதை பல வடிவங்களில் உலவுகிறது. குடத்தோடு கவிழ்த்தேன் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். அது அபாண்டம். கேட்டது மட்டும்தான் நான், ஊற்றியது திருச்சபை.

வேண்டிக் கிடைத்ததை ஊரறியச் சாட்சி சொல்வதில் கத்தோலிக்கர்களான நமக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. கேட்டது கிடைத்தால் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிற ரகம் நாம். நானும் அப்படித்தான் நழுவப் பார்த்தேன். என் மனைவி ஸ்டெல்லா விடவில்லை. "வாங்கிக்கினு வாய மூடிக்கினு இருந்தா அடுத்த தபா ஆண்டவரு குடுக்க மாட்டாரு" என்றாள். எனவே எழுதுகிறேன்.

நம் பங்கு நடத்தும் இந்த மாதப் பத்திரிகைக்கு நான் ஆசிரியர் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் இதைப் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பழைய வாசகர்களில் பாதிப்பேருக்குக் கண் மங்கிவிட்டது. மீதிப் பேருடைய பிள்ளைகள் ராயபுரத்தை விட்டு மாத்தூர், மணலி புதுநகர் என்று குடிபோய், கையில் போனோடு வாழ்கிறார்கள். இந்த ஆபத்தை நான் எப்போதோ உணர்ந்து, போனைக் கண்டித்துத் தலையங்கம் தலையங்கமாக எழுதினேன். அவற்றையும் யாரும் படிக்கவில்லை. எல்லோரும் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் இதழ்க்குழு ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த பங்குத் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் இதழ் போனில் வர வேண்டும். வராவிட்டால் அலுவலக அறையை நாற்காலியும் சீரியல் பல்பும் போட்டு வைக்க எடுத்துக்கொள்வார்கள்.

என் முதல் முயற்சி வெட்கக்கேடு. அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த கட்டுரையை அப்படியே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எங்கள் எழுத்துரு ஆதிகாலத்தது. அங்கே தமிழாகத் தெரிந்தது, போனில் போனதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சிதறிவிட்டது. திருவொற்றியூரில் இருந்து ஒரு பெந்தகொஸ்தே சகோதரி உருகிப்போய்க் கூப்பிட்டார்: "ஆவி எறங்குனா பேசுவாங்களே, அந்த அந்நிய பாஷை வரம் வாங்கிட்டீங்களா பிரதர்?" என் வாழ்நாளில் ஒரு கட்டுரைக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

அப்போது வழி காட்டியவர் செபஸ்தியான் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூசையில் வாசகம் வாசிப்பவர். அவர் வாசித்தால் மைக் ஒரு அலங்காரப் பொருள்.

"இன்னாடா எடிட்டரு, கண்ணு தெரியாதவனுக்கு நீ எவ்ளோ பெருசா அச்சடிச்சா இன்னா? காது கீதுல்ல? நீ எழுதிக் குடு, நா படிக்கறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்த நீயே ஒரு தபா படிச்சிப் பாத்தியா?" என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். "பேதுரு நம்மாளுபா. கட்டுமரத்துல பொறந்தவன். அவனுக்கே ஏசு கூப்ட்டு தண்ணி மேல கால வெச்சதும் டர்ராயிடுச்சி. அப்ப நீயும் நானும் எந்த மூல?" பின்னணியில் கண்டெய்னர் லாரியின் ஹாரன். நான் என் போனில் பதிவு செய்தேன். பத்திரிகை ஆசிரியனுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் செந்தமிழில் நான் ஒரு முன்னுரை வழங்கினேன்.

அந்தச் சமயத்திலேயே அவருக்குத் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் மணலி ஆலைப் புகை என்றோம். தவக்காலம் பிறந்தபோது டாக்டர் வேறு பெயர் சொன்னார். குரல்வளையையே எடுத்தாக வேண்டும். அறுவைக்கு முந்தின வாரம் முழுக்க அவர் எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்து பேசினார். "எடுத்துக்கோடா. அப்பால கேட்டா என்கிட்டயே இருக்காது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதிவுகளைத் தினமும் காலையில் நமது வாசகர் குழுவுக்கு அனுப்பினேன். அனுப்பும் வித்தையை என் மகள் ஷீபா ஒரே ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தாள்: "பகிர்னு அமுக்குங்கப்பா. லிஸ்ட்டு வரும். மேல மொதல்ல இருக்குல்ல, அதான் உங்க குரூப்பு." நான் கீழ்ப்படிதலுள்ளவன். தினமும் மேலே முதலில் இருந்ததை அமுக்கினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு அதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று விசாரிப்பேன். "கேட்டீங்களா?" "கேட்டோம் சார், அருமை." "உருக்கம் சார், கண்ணுல தண்ணி வந்துருச்சி." எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். நெகிழ்ந்து போவேன்.

அண்ணனுக்கு அறுவை நடந்தது. பிழைத்தார். குரல் போய்விட்டது.

ஈஸ்டர் ஞாயிறு முடிந்ததும், வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாசகர் புண்ணியத்தில் லேப்டாப் வந்தது. எல்லாப் பதிவுகளையும் அதில் ஏற்றினேன். போனில் இடமில்லை என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால், ரெக்கார்டரில் இருந்தவற்றை அழித்தேன். 'காலை வணக்கம்' படங்களை அழிக்க மனம் வரவில்லை. வேறு எங்காவது ஒரு நகல் போட்டு வையுங்கள் என்றாள் ஷீபா. செய்வேன் என்றேன். மந்திரித்துவிட்டு.

நம் ஊரில் மந்திரிக்காமல் எது ஓடியிருக்கிறது? படகை மந்திரிக்கிறோம், ஆட்டோவை மந்திரிக்கிறோம். பூசை முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தபடி பீடத்தின் முன்னால் வைத்தேன். ஃபாதர் விவரமானவர். ஓரமாக நின்று நாசூக்காக ஒரு துளி தெளித்தார். எனக்குத் திருப்தி இல்லை.

"ஃபாதர், எழுத்து அடிக்கிற பக்கம் விழவே இல்ல. கொஞ்சம் தாராளமா..."

"வேணாம் சார், கரெண்ட் சாமான்."

"தீர்த்தம் என்ன பண்ணும் ஃபாதர்?"

விசுவாசத்தில் தன்னை ஒரு சம்சாரி மிஞ்சுவதை எந்தக் குருவும் தாங்க மாட்டார். தாராளமாகவே தெளித்தார். திரை ஒரு முறை நீலமாக மின்னியது. பிறகு கறுத்தது. பாடகர் குழு நன்றிப் பாடலைப் பாடிக்கொண்டிருந்தது.

ஈரமான கருவியை அரிசியில் புதைத்தால் பிழைக்கும் என்று யாரோ சொன்னார்கள். ரேஷன் அரிசி மூட்டைக்குள் அடக்கம் செய்தேன். மூன்றாம் நாள் என்பதில் நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? மூன்றாம் நாள் திறந்தேன். பொத்தான்களுக்கு இடையிலிருந்து எழுந்து வந்தது ஒரு வண்டு மட்டும்தான்.

வண்ணாரப்பேட்டையில் லேப்டாப் பழுது பார்க்கும் பாயிடம் கொண்டு போனேன்.

"இன்னா சார் ஊத்துனீங்க?"

"தீர்த்தம்."

அவர் சிரிக்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். "ஓதுன தண்ணி நாங்களும் வாங்குவோம் சார். ஆனா குடிப்போம்" என்றார். வேறு பெரிய இடங்களிலும் கேட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "மவுத்தாயிடுச்சி சார். உள்ள இருந்தது எதுவும் வராது." போனில் அனுப்பியது தபாலில் போட்ட கடிதம் மாதிரி, போனால் போனதுதான் என்று நம்பியிருந்த எனக்கு, வாசகர்களிடம் கேட்கவும் வெட்கம்.

அதற்குள் லூர்து அக்கா கேட்க ஆரம்பித்துவிட்டார். செபஸ்தியான் அண்ணனின் மனைவி. "தம்பி, எங்ககிட்ட பெரிய போனு இல்ல, அந்தப் பேச்ச ஒரே ஒரு தபா போட்டுக் காட்டேன். வூடு கம்முனு கீது. நாப்பது வருசமா கத்தாத கத்தாதன்னேன். இப்ப ஒரு தபா கத்துனா தேவலாம்னு கீது." பக்கத்தில் அண்ணன் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திருவிழாவுக்கு வெளியீடுக்கா. அப்ப எல்லாரும் சேர்ந்து கேக்கலாம்" என்றேன். வாயில் வந்த பொய் அது. இதழ் போனால் போகட்டும், நாற்காலி போடட்டும். ஒரு மனிதனுடைய குரலை நம்பி வாங்கி வைத்துக்கொண்டு, பகட்டுக்காக நனைத்துக் கொன்றுவிட்டேன். அதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

சாவி தொலைந்தாலும் கம்மல் தொலைந்தாலும் நாம் போய் நிற்கிற இடம் அந்தோணியார் பீடம். செவ்வாய்க்கிழமை காலைப் பூசைக்குப் போனேன். அவர் இறந்து பல வருடம் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாகச் சொல்வார்கள். படித்தவன் என்ற திமிரில் அதைப் பற்றி ஒரு காலத்தில் நக்கலாகப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நக்கல் வரவில்லை. முன்னுரை எதுவும் இல்லாமல் கேட்டேன். என் வாழ்க்கையிலேயே சிறிய உரை அதுதான். "உம்ம நாக்கக் காப்பாத்துனவர்கிட்ட சொல்லி, எங்க அண்ணன் குரலக் குடுங்க. தப்பு என்னோடது. அந்த அக்கா என்னய்யா பண்ணுச்சி?"

வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் தெருமுனையில் தண்ணீர் லாரிக்காக வரிசையாகக் குடங்கள். அந்த வரிசையின் நடுவிலிருந்து செபஸ்தியான் அண்ணன் பேசினார்.

"பேதுரு நம்மாளுபா..."

ரத்த அழுத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். கவிழ்த்த பக்கெட்டின் மேல் ஒரு போன். அதைச் சுற்றி நான்கைந்து பெண்கள். போனுக்குச் சொந்தக்காரர் எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா.

"அக்கா, இது ஏது?"

"இன்னா சார் கேக்கறீங்க? நீங்கதான டெய்லி போட்டுகினு இருந்தீங்க? ஏன் நிறுத்திட்டீங்க? பழசயே போட்டுப் போட்டுக் கேட்டுகினு கீறோம்."

"எங்க போட்டேன்?"

"லாரி குரூப்புலதான்!"

வரிசையில் இருந்த இன்னொரு பெண் சொன்னாள்: "எங்க நாத்தனாருக்கு அனுப்பிச்சேன் சார், மணலில. அவ வூட்டுக்காரரு டேங்கர்ல போட்டுகினு எண்ணூர் வரைக்கும் போறாராம்."

விஷயம் இதுதான். லாரி எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வீட்டுக்கு ஒரு நம்பர். எங்கள் வீட்டு நம்பர் என்னுடையது. எங்களிடம் மோட்டார் இருப்பதால் நான் அதை ஊமையாக்கி வைத்திருந்தேன். ஆனால் காலை நேரத்தில் தண்ணீர் லாரியை விட அதிகம் பேசப்படுவது நம் தெருவில் வேறு எது? பட்டியலில் தினமும் மேலே முதலில் வந்து நின்றது அந்தக் குழு. நான் தினமும் அதையே அமுக்கியிருக்கிறேன். நம் வாசகர் குழுவுக்கு ஒரு பதிவுகூடப் போகவில்லை. "அருமை சார், உருக்கம் சார்" என்ற என் அருமை வாசகர்களே, உங்களை ஆண்டவர் மன்னிப்பாராக. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கு அனுப்புங்கக்கா, எல்லாத்தையும்" என்று கெஞ்சினேன்.

நூர்ஜஹான் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நா எதுக்கு அனுப்பணும்? நீங்க அனுப்பிச்சது உங்க போன்லயே கீது சார்."

இருந்தது. ஒன்று விடாமல் இருந்தது. நான் அந்தோணியார் முன்னால் மண்டியிட்டு அழுதபோது, அது என் சட்டைப்பையில்தான் இருந்தது. கீழே, அவர்கள் போட்டிருந்த கும்பிடும் கைகளும் இதயங்களும். "அண்ணனுக்கு உடம்பு எப்டி கீது?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். "துவா பண்றோம்" என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அப்படியே லூர்து அக்கா வீட்டுக்கு ஓடினேன். நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, பதிவைப் போட்டேன். பேதுரு கட்டுமரத்தில் பிறந்தார். ஹாரன் அடித்தது. அக்கா வாய்விட்டு அழ ஆரம்பித்தார். செபஸ்தியான் அண்ணன் உதட்டில் விரலை வைத்து, கத்தாதே என்று அவருக்குச் சைகை காட்டினார். அவருக்குக் கேட்க வேண்டியிருந்தது.

திருவிழாக் கொடியேற்றத்தன்று பேச்சிதழ் வெளியானது. இப்போது அண்ணன் எழுதித் தருகிறார், லூர்து அக்கா வாசிக்கிறார். குரலில் அவரைவிட ஒரு பிடி தூக்கல். அச்சிதழும் நிற்கவில்லை. பெரிய எழுத்தில், கேட்பவர்களுக்கு மட்டும் அடிக்கிறோம். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று இடத்தில் நகல் இருக்கிறது. லேப்டாப்பை மந்திரிப்பது என்றால் மூடி, பைக்குள் வைத்து, தூர நின்று மந்திரிக்கிறோம்.

கிறிஸ்தவப் பத்திரிகை நடத்தும் நண்பர்கள் சிலர், இந்தக் காலத்தில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். என்னிடம்! எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நம் அறைக்கு வந்து வாங்கிப் போ என்று காத்திருந்த காலம் முடிந்தது. ஜனங்கள் எங்கே குடத்தோடு நிற்கிறார்களோ அங்கே போய் நில்லுங்கள். வழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தவறான பொத்தானை அமுக்கினாலும் ஆண்டவர் பார்த்துக்கொள்கிறார். நான் கேட்பதற்கு வெகுநாள் முன்பே, என் முட்டாள்தனத்தின் வழியாகவே கொடுத்து வைத்திருந்தார். உங்களுக்கும் எதுவோ தொலைந்திருக்கலாம். கேளுங்கள். கேட்டுவிட்டு, சட்டைப்பையையும் ஒரு முறை பாருங்கள்.

திருவிழா முடிந்த மறுநாள் நூர்ஜஹான் அக்காவுக்கு நன்றி சொல்லப் போனேன். வரிசையில் நின்றிருந்தார். இதழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும்படி, கொஞ்சம் ஆசையோடுதான் கேட்டேன்.

"அண்ணன் பேச்சு சூப்பர் சார். அக்காவும் சூப்பரு" என்றார். "மொதல்ல நீங்க இன்னாவோ பேசறீங்களே, அத்த மட்டும் எடுத்துடுங்க. அது முடியறதுக்குள்ள லாரி வந்துடுது."