மதினி ஏறாத வேன்

வேன் ஹாரன் அடித்தபடி நிற்கிறது. பக்கக் கதவு திறந்திருக்கிறது. எதிரே, சாத்தூர் சாலை வேப்பமரத்தடியில் தூக்குவாளியும் கையுமாக எங்கள் தெருப் பெண்கள். ஒருவரும் ஏறவில்லை. தீபாவளி சீசனில் ஒரு பட்டாசுக் கம்பெனி வேன் ஆளில்லாமல் திரும்பிப் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தப் பெண்கள் அதுவரை வீட்டிலிருந்தே பீடி சுற்றியவர்கள். அந்த வேலையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் என் மதினி, அண்ணனின் மனைவி. திருநெல்வேலிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவர். முறத்தை மடியில் வைத்துக்கொண்டால் பேச்சு ஒரு பக்கம் போகும், விரல்கள் தம் போக்கில் இலையைச் சுருட்டி முனையை மடக்கும். இரண்டாயிரங்களின் நடுவில் பீடிக்கடையில் சுற்றக் கொடுக்கும் இலை குறைந்தது. யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வாரம் முழுக்கக் கிடைத்த இலை பாதி வாரத்துக்கு என்றானது, பிறகு கடை பூட்டியே கிடந்தது. நான் அப்போது விருதுநகரில் ஒரு நாளிதழின் நிருபர். மாநிலத்தில் புகையிலைத் தொழிலில் வேலை சுருங்குவதைப் பற்றிய செய்தியில், ‘பீடித் தொழிலாளர்கள் பட்டாசு ஆலைகளுக்கு மாறி வருகின்றனர்’ என்று எழுதினேன். செய்திக்கு அந்த வரி போதும். மாறுவது எப்படி நடக்கிறது என்பதை எங்கள் தெருமுனையில்தான் பார்த்தேன்.

வேனோடு வந்த ஏஜெண்டுக்குப் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. பீடி சுற்றிய விரல்கள் அதற்குத் தோது என்றார். முந்தைய வருஷம்தான் கீழத்தெருப் பெண் ஒருத்தி, வேறொரு கம்பெனியின் மருந்து அறையில் நடந்த வெடிவிபத்தில் இறந்திருந்தாள்.

“மருந்து ரூமுக்கு நாங்க வரல அண்ணாச்சி. பெட்டி மடக்க, லேபிள் ஒட்டன்னா இப்பவே ஏறுதோம்” என்றார் மதினி.

“பீடி சுத்துன கைக்கு இம்புட்டு ராங்கியா? கம்பெனி வாசல்ல ஆளுக வரிசையில நிக்காக, தெரியுமா?”

“அப்ப அவுகள வச்சு அடைங்க. இங்கன வந்து எதுக்கு ஹாரன் அடிக்கீக?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். வேன் காலியாகப் போனது. மறுநாளும் வந்தது, மறுநாளும் காலியாகவே போனது. ஆனால் வீடுகளில் அடுப்பு எரிய வேண்டும். அடுத்த நாள் ஒருத்தி பொறுக்க முடியாமல் படியில் கால் வைத்துவிட்டாள். அவள் ஏறியிருந்தால் அவள் பின்னால் பாதித் தெரு ஏறியிருக்கும். மதினி அவள் கையைப் பிடிக்கவில்லை, திட்டவுமில்லை.

“ஏறணும்னா ஏறிக்கோ தாயி. ஒம்மேல வருத்தமில்ல. சாயங்காலம் நீ எறங்குத வரைக்கும் நாங்க இங்கனயே நிப்போம்.”

அவள் மதினியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு காலை எடுத்துக்கொண்டாள். கூட்டங்கள், ஊர்வலங்கள் என்று எத்தனையோ பார்த்துச் செய்தி எழுதியவன் நான். ஒரு கால் தரைக்குத் திரும்பியது எனக்குச் செய்தியாகப் பட்டது அன்றைக்குத்தான்.

அந்தி சாயும் நேரத்தில் ஏஜெண்ட் வேனில்லாமல், சைக்கிளில், எங்கள் வீட்டுக்கே வந்தார்.

“சாப்பிட்டீகளா அண்ணாச்சி?” என்றார் மதினி.

“சாப்பாடு கெடக்கட்டும் தாயி. ஆர்டர் மலையாக் கெடக்கு, லோடு போகணும். பெட்டி வேலைக்கே வாங்க. முதலாளிட்ட பேசிட்டேன்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான்.”

“அப்பச் சரி. காபி குடிச்சிட்டுப் போங்க.”

நான் கதவோரம் நின்றிருந்தேன். மதினியின் முகத்தில் வெற்றி என்று எதுவும் இல்லை. அடுத்த நாள் காலைக்கு உளுந்து ஊறப்போட எழுந்து போனார்.

பல வருஷம் கழித்து அந்த ஏஜெண்டைச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போது தெருத்தெருவாக ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்றார்.

“ஆமத்தூருக்குப் போனாலும் சரி, வெம்பக்கோட்டைக்குப் போனாலும் சரி, வேன் கதவத் தொறக்குமுன்னே ‘என்ன வேலை, எந்த ரூமு’ன்னு கேக்காளுக. ஒங்க மதினி ஊரூராப் போயிச் சொல்லிட்டு வந்தாகளா?”

மதினி எங்கும் போகவில்லை. வேலைக்குப் போன அந்த வருஷங்களில், மத்தியானம் பெட்டி மடக்கும் ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிடாமல், தூக்குவாளியோடு மருந்து அறையின் வேலியோரம் போய், ஆமத்தூர், வெம்பக்கோட்டை என்று பல ஊர்களிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த பெண்களோடு பேசிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். அவ்வளவுதான்.