பேசக்கூடாத ஹாலில் ஒரு இன்டர்வியூ

1. மூன்றாம் கேபின்

திருப்பதியில் ஒரு ஸ்டடி ஹாலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கேபின் துடைக்க வேண்டும், வைஃபை நின்றால் திரும்பப் போட வேண்டும், முக்கியமாக யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு நகரியில் பவர்லூம் ஓட்டினேன். படிப்பு ஐந்தாவது வரைதான். பேசக் கூச்சப்படுகிற ஆள் என்பதால் இந்த வேலை பிடித்துப்போயிற்று.

பவித்ராவும் நகரிப் பெண். பி.காம் முடித்துவிட்டு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் இன்டர்வியூவுக்குப் படித்தாள். ஒரு கம்பெனி என்ன விலை பெறும் என்று கணக்குப் போடுகிற வேலையாம். மாதக்கணக்கில் மூன்றாம் கேபினில் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்துப் படிப்பாள். எங்கள் ஹாலில் எல்லோரும் அப்படித்தான்.

முதல் இன்டர்வியூ எங்கள் ஆபீஸ் ரூமில், லேப்டாப்பில் நடந்தது. போன வேகத்தில் வெளியே வந்தாள்.

“இன்னாம்மா, அதுக்குள்ள முடிஞ்சிட்சா?”

“எல்லாம் தெரியும்ணா. வாயத் தொறந்தா கோர்வையா வரல. ஒரு நாளும் சத்தமா சொல்லிப் பாத்ததே இல்லியே.”

அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி. அதுவும் போனால் நகரிக்கே வந்து தறிக்கூடத்தில் கணக்கு எழுதச் சொல்லிவிட்டாராம் அவள் நைனா.

2. மொட்டைமாடி

ஓனரிடம் நானாக எதையும் கேட்டதில்லை. அன்று, பவித்ரா சத்தமாகச் சொல்லிப் பார்க்க, மாடிச் சாவி கேட்டேன். “சரே, கிந்தகி சவுண்டு ராகூடது” என்றார். கீழே சத்தம் வராமல் இருந்தால் போதும் அவருக்கு.

தண்ணீர் டேங்க் பக்கத்தில் என்னை உட்கார வைத்தாள். “நான் சொல்லிக்கினே போறேன். புரியலன்னா கை தூக்கு.”

ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கை எழவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மறுநாள் பாதியில் நிறுத்தினாள்.

“புரிஞ்சிதா?”

தலையாட்டினேன்.

“அப்ப நீ சொல்லு.”

நான் டேங்க்கைப் பார்த்தேன்.

“நீ இப்படியே தலையாட்டினா நான் செவுத்துகிட்டயே பேசிக்கினு இருக்கலாம்ணா. செவுரு நடுவுல டீயும் கேக்காது.”

அதற்குப் பிறகு கை தூக்கினேன். எபிட்டாவுக்குத் தூக்கினேன், டிஸ்கவுண்ட் ரேட்டுக்குத் தூக்கினேன். ஒவ்வொரு முறையும் அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். டிப்ரிசியேஷன் ஏறினால் கேஷ் ஏறும் என்றபோது கை எழுந்ததோடு வாயும் திறந்தது.

“காசே வரல. அப்புறம் எப்படி ஏறும்?”

“உன் தறியவே வெச்சிக்க. தேஞ்சிட்சுன்னு கணக்குல பத்து ரூபா எழுதறோம், அதான் டிப்ரிசியேஷன். யாருக்கும் காசு குடுக்கல. ஆனா லாபம் கொறையுது. லாபம் கொறைஞ்சா டாக்ஸ் கொறையுது. கட்டாம மிச்சமான டாக்ஸ் கையில நிக்குது. அதான் கேஷ் ஏறுது.”

இந்த முறை நிஜமாகவே தலையாட்டினேன். அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. சிரித்தாள்.

3. கதவுக்கு வெளியே

இன்டர்வியூ அன்று ஆபீஸ் ரூம் வாசலில் யாரும் தட்டாமல் பார்த்துக்கொண்டேன். உள்ளே இங்கிலீஷ். டிப்ரிசியேஷன், கேஷ் என்ற இரண்டு சொல்தான் பிடிபட்டது. அவள் குரல் நின்றது. பிறகு மெதுவாக, மாடியில் பேசிய அதே குரல் வந்தது.

வெளியே வந்து சொன்னாள்: “நீ கேட்டதையே கேட்டாங்கணா. ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துட்சு. நீ கை தூக்கிக்கினு உக்காந்திருந்தது ஞாபகம் வந்துட்சு. தறியில ஆரம்பிச்சேன்.”

வேலை கிடைத்தது. பெங்களூர் போனாள்.

இப்போது சாயங்காலத்தில் மாடி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஸ்டடி ஹால் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கீழே யாரையும் பேச விடாதீர்கள், மேலே யாரையும் சும்மா இருக்க விடாதீர்கள். நேற்று ஒருவர் பாண்ட் என்று ஏதோ கடன் பத்திரம் பற்றிச் சொல்ல வந்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே கை தூக்கினேன். முகம் சுளித்தார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார்.